ஐ.எஸ்.ஓ. 800-ஐத் தாண்டினால் படம் பாழா?

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது: ‘ஐ.எஸ்.ஓ. 800-ஐத் தாண்டினால் படம் வீண்.’ இது தவறு. ஐ.எஸ்.ஓ. என்பது கேமரா படத்தின் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்பதற்கான எண். அதை ஏற்றினால் படத்தில் புள்ளிகள் விழும் என்பதுதான் பயம்.

ஆனால் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் வெளிச்சக் குறைவுதான். ஐ.எஸ்.ஓ.-வைக் குறைத்து இருட்டாக எடுத்து, அப்புறம் கணினியில் வெளிச்சம் கூட்டினாலும் அந்தப் புள்ளிகள் வரும். பல கேமராக்களில் கூடுதலாகவே வரும். ஐ.எஸ்.ஓ.-வுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) 1/125 நொடிக்கு இறக்கினால், விடியற்காலையில் பறக்கும் மஞ்சள்மூக்கு நாரையின் சிறகு கலங்கிவிடும். புள்ளிகளை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம். கலங்கிய சிறகைத் திருத்துவது மிகக் கடினம். தயங்காமல் ஐ.எஸ்.ஓ.-வை 3200 வைத்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள்.

சரி, பணம் இருந்தால்? லென்ஸில் போடுங்கள். லென்ஸின் எஃப் எண் குறையக் குறைய அதன் திறப்பு பெரிது; எஃப் 5.6-ஐவிட எஃப் 2.8 நான்கு மடங்கு வெளிச்சம் தரும். விலையும் எடையும்தான் மலைக்க வைக்கும்.