முயலுக்கு வீடு தேடும்போது மத்தியானத்தைப் பாருங்கள்

கைவிடப்பட்ட முயல் ஒன்றை யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டால் எங்கள் யாழ்ப்பாணத்தில் இரண்டு பதில்கள் உடனே வரும். ஒன்று, "வளவு பெரிசா இருக்கிற ஆக்களிட்டக் குடுங்கோ." மற்றது, "சின்னப்பிள்ளையள் இருக்கிற வீட்டில குடுங்கோ, ஆசையா வளர்க்குங்கள்." இரண்டையும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள், அடுத்த எட்டுப் பத்து வருசம் அவர்கள் இந்த ஊரிலேயே இருப்பார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் ஒரு முயலை யார் கையிலும் ஒப்படைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சில காலமாக ஒரு வெள்ளை ஆண் முயல் எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் வெளிநாடு போனபோது பின்வளவில் கோழிக்கூட்டோடு விட்டுப்போன உயிர் அது. பார்த்துக்கொள்வதாகச் சொன்ன உறவினர் கொஞ்ச நாள் வந்து போட்டதைப் போட்டுவிட்டு நின்றுவிட்டார். பிறகு அயலட்டைப் பிள்ளைகள் வந்து எனக்குச் சொன்னார்கள்.

தூக்கி வந்ததும் பின்னங்கால்களைத்தான் முதலில் பார்த்தேன். நாய் பூனைக்கு இருப்பதுபோல முயலுக்கு உள்ளங்காலில் தடித்த சதை கிடையாது. அடர்ந்த மயிர்தான் அதற்குக் காப்பு. கம்பிவலைத் தரையில் மாதக்கணக்கில் நின்றால் அந்த மயிர் தேய்ந்து தோல் சிவந்து புண்ணாகும். இதற்கு இரண்டு குதிக்காலிலும் நாணயக் குற்றி அளவுக்கு மயிரே இல்லை. நடுவில் காய்ந்த புண். நகங்கள் நீண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தன. கூட்டுக்குள் காய்ந்த பாண் துண்டுகளும் சோறும் கிடந்தன. புழுக்கைகள் மிளகைவிடச் சின்னதாக, மயிரில் கோர்த்து வந்தன. போதிய புல் கிடைக்காமல் குடல் மந்தமானதன் அடையாளம் அது. முயல் வளர்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். நானும் காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வீடு திரும்புவேன். ஆகவே நிரந்தரமாக வைத்திருக்க என் வீடு தோதான இடமில்லை. அதற்கு நல்ல இடம் தேடத் தொடங்கியதும் வந்த ஆலோசனைகள்தான் இந்தப் பதிவை எழுத வைத்தன.

முதலாவது: "அக்கா, பத்தைக்குள்ள விட்டுவிடுங்கோ, அது தன்ரபாட்டில பிழைச்சுக்கொள்ளும்." இதைப் படித்தவர்களும் சொல்கிறார்கள் என்பதுதான் கவலை. எங்கள் பற்றைக்காடுகளில் ஓடும் முயல் வேறு இனம். அது கண் திறந்தபடி, உடல் நிறைய மயிரோடு பிறக்கும். வளை தோண்டாது. திறந்த வெளியில் ஓடியே தப்பும். கூட்டில் வளர்க்கிற முயலின் மூதாதை ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தைச் சேர்ந்தது. அதன் குட்டி கண்மூடி, மயிரில்லாமல், மண் வளைக்குள் பிறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று இனம் சேரக்கூட மாட்டா. கூட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளை முயல், தெருநாயும் கீரியும் பருந்தும் திரிகிற இடத்தில் ஓர் இரவைத் தாண்டுவதே பெரிய காரியம். நெடுந்தீவுக் குதிரைகளை எல்லோருக்கும் தெரியும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் மனிதர்கள் கொண்டுவந்து வளர்த்துப் பிறகு விட்டுப்போனவற்றின் சந்ததி அது. கடும் கோடையில் நன்னீர் இல்லாமல் அவை படும் பாட்டையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மனிதர் கையில் வளர்ந்த உயிரை அவிழ்த்துவிடுவதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர் சூட்டாதீர்கள்.

முயல் பண்ணை வைத்திருக்கும் ஒருவரும் கேட்டார். நேர்மையான மனிதர். "தங்கச்சி, எனக்குக் கிடாய் மூண்டு காணும், மிச்சமெல்லாம் கறிக்குத்தான் போகும்" என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் தொழில் அது. எனக்கு அவரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காப்பாற்றிக்கொண்டு வந்ததை அங்கே விட எனக்கு மனம் வரவில்லை. அது ஒருபக்கம் இருக்க, முயல் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான். குட்டி ஈன்ற கையோடு மறுபடி சினைப்படும். ஏற்கெனவே வீடில்லாத முயல்கள் இருக்கும்போது இன்னும் குட்டிகளை உண்டாக்குகிற இடத்துக்கு இதை அனுப்புவதில் எனக்கு விருப்பமில்லை.

ஒரு முன்பள்ளியிலிருந்தும் கேட்டார்கள். அழகான கூடு செய்து தருவோம் என்றார்கள். சனி, ஞாயிறு யார் பார்ப்பது, தவணை விடுமுறையில் யார் பார்ப்பது என்று கேட்டேன். காவலாளி பார்ப்பார் என்றார்கள். அத்தோடு சரி.

பிள்ளைகள் உள்ள வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நன்றாகப் பராமரித்தால் வளர்ப்பு முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருசம் வரை வாழும். நான்காம் வகுப்பில் படிக்கிற பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு குட்டியைக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருசம் புலமைப்பரிசில். அத்தோடு தொடங்குகிற ரியூசன் சாதாரணதரம் வரை ஓயாது. பிறகு உயர்தரம். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போதும் முயல் உயிரோடு இருக்கும். ஆசையில் குறையில்லை, நேரம்தான் இருக்காது. அம்மாவோ அம்மம்மாவோதான் கடைசியில் புல் பிடுங்குவார்கள். அப்படியானால் முதல் நாளே அவர்களிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, முயல் தூக்கிக் கொஞ்சுவதற்கான பிராணி இல்லை. அது வேட்டையாடப்படும் இனம்; நிலத்திலிருந்து உயர்த்தினாலே, பிடிபட்டோம் என்று உடம்பு பதறும். காதில் பிடித்துத் தூக்குவது கொடுமை. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், பலர் அது சுகமாகப் படுத்திருப்பதாக நினைக்கிறார்கள். அது பயத்தில் விறைத்துப் போவது. பின்னங்காலால் உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடிய பிராணி அது. நிலத்தில் உட்கார்ந்து, அது தானாகப் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருக்கப் பெரியவர்களுக்கே கஷ்டம்.

இனி மத்தியானம்.

முயலுக்கு வியர்க்காது. நாயைப்போல வாயைத் திறந்து இளைத்தும் சூட்டைச் சரியாகத் தணிக்க முடியாது. அதன் காதுகள்தான் வெப்பத்தை வெளியே விடும் வழி. எங்கள் விறாந்தையில் மத்தியானம் அது சீமெந்துத் தரையில் வயிறு பட நீட்டிப் படுத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன்: வெளிச்சம் பட்டால் காதுக்குள் சிவப்பு நரம்பு ஒவ்வொன்றும் தெரியும், தொட்டால் கொதிக்கும். 15 முதல் 20 பாகைச் செல்சியஸ் வரைதான் அதற்கு வசதியான சூடு. 30ஐ நெருங்கும்போதே ஆபத்து தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் எங்களூரில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். தகரக் கூரைக்குக் கீழே என்ன நிலை என்று சொல்லத் தேவையில்லை. பெரிய வளவு, நடுவில் வெயிலில் ஒரு கூடு, வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயாயிற்று என்றால் அந்த வளவால் முயலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்த நேரத்தில் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா, மூக்கும் வாயும் ஈரமாகிறதா, நிழல் நகர்ந்து வெயில் கூட்டில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். காதைக் குளிர்ந்த நீரால் நனைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது. போத்தலில் நீரை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். மின்விசிறி இருக்கிறதே என்பவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுகிறேன். ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். மின்சாரம் போனாலும் குளிர்மையாக இருக்கிற வீடுதான் வேண்டும். கிடுகு, ஓலை, ஓடு, மர நிழல் இவையெல்லாம் எங்கள் ஆட்கள் இந்த வெயிலுக்கென்றே கண்டுபிடித்தவை. மாரிக்கும் யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் வெள்ளத்தில் நிலத்தில் இருந்த எத்தனை கூடுகள் தண்ணீருக்குள் நின்றன என்று அயலில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டு விசயத்திலும் வீட்டில் இருக்கும் ஆள்தான் முக்கியம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். கரட் கிழங்கு இனிப்பு, எப்போதாவது ஒரு துண்டு போதும். கரட் இலைதான் நல்லது. பாண், பிஸ்கட், சோறு வேண்டவே வேண்டாம். அறுகம்புல் கிடைத்தால் அதைவிட வேறென்ன? ஆனால் தோட்ட வரம்பில் பிடுங்குகிறவர்கள் அங்கே எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். வைக்கோலைப் புல்லுக்குப் பதிலாகப் போடுகிறவர்களும் உண்டு. அது கதிர் போன தாள், விரிப்புக்கு ஆகும், வயிற்றுக்குக் காணாது.

முயல் பன்னிரண்டு மணிநேரம் ஒன்றும் சாப்பிடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. குடல் அசைவு நின்றுவிட்டால் ஒரு நாளிலேயே உயிர் போகலாம். காலையில் போட்ட புல் அப்படியே கிடப்பதை இரவில்தான் கவனிக்கிற வீட்டில் பாதி நேரம் போய்விட்டிருக்கும். மருந்திலும் கவனம் தேவை. வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோற்றிக் மருந்தைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். வாய்வழியாகப் போனால் அது முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடும். நாய்க்குத் தெள்ளுக்கு விடுகிற பிப்ரோனில் துளியும் முயலுக்கு நஞ்சு. இதையெல்லாம் மிருக வைத்தியரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

அடுத்த எட்டு வருசத்துக்கும் இங்கே இருப்பீர்களா என்ற கேள்வியைக் கேட்டதும் சிலருக்கு முகம் மாறியது. "அதென்ன முயலுக்கு வந்து விசா விபரம் கேக்கிறியள்?" என்றார் ஒருவர். கேட்கத்தான் வேண்டும். இந்த முயல் கோழிக்கூட்டுக்குள் பட்டினி கிடந்ததற்குக் காரணமே அதுதான். போவது யாருடைய குற்றமும் இல்லை. எங்களில் யாருக்கு வெளிநாட்டில் ஆளில்லை? ஆனால் ஸ்பொன்சர் அலுவல் நடக்கிற வீட்டுக்குப் புதிதாக ஓர் உயிரைக் கொண்டுவரக்கூடாது. ஏற்கெனவே இருக்கிறதென்றால் ரிக்கெற் போடுவதற்கு முன்னர் அதற்கு ஓர் இடம் பார்க்க வேண்டும்.

நான் தெரிவுசெய்த வீடு கோண்டாவிலில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பழைய நாற்சார் வீடு, ஓட்டுக் கூரை, நடுமுற்றத்தில் எலுமிச்சை மரம். நாலு பக்கமும் அடைப்பாக இருப்பதால் நாய் வராது. நான் போன நேரம் உச்சி வெயில், வேண்டுமென்றேதான் அந்த நேரம் போனேன். உள் விறாந்தைத் தரை காலுக்குக் குளிர்ந்தது. அவரிடம் ஏற்கெனவே ஒரு பெண் முயல் இருக்கிறது; சோடி செத்ததிலிருந்து சாப்பாடு குறைந்துவிட்டதாம். பிள்ளைகள் கனடாவில். "நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டன் பிள்ளை, எனக்கு இந்த வீடு காணும்" என்றார்.

வயதானவரிடம் கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நானும் அதை அவரிடமே நேரே கேட்டேன்: ரீச்சர், உங்களுக்கு ஏலாமல் வந்தால்? அவர் கோபிக்கவில்லை. அடுத்த வீட்டில் இருக்கும் தங்கையின் மகளைக் கூப்பிட்டு என் முன்னாலேயே பேசினார். அந்தப் பிள்ளைதான் இப்போதும் பின்னேரத்தில் புல் பிடுங்கிக் கொடுக்கிறாள். யாருக்கும் முடியாமல் போனால் முயல் திரும்ப என்னிடம்தான் வர வேண்டும், வேறு கைக்கு மாறக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம். கடுதாசி ஒன்றும் எழுதவில்லை, வாய்ப்பேச்சுத்தான். எனக்கு அது போதும்.

உடனே இரண்டையும் ஒன்றாக விட முடியாது. முதலில் இதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். நான் கதைத்த மிருக வைத்தியர் செய்யலாம் என்றார். கால் புண் ஆறியதும் திகதி எடுப்போம். முயல் வாந்தி எடுக்காத பிராணி என்பதால் சத்திரசிகிச்சைக்கு முதல் நாய்க்குப்போல இரவிலிருந்து பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது. அதன் பிறகும் சில கிழமைகளுக்கு ஆணிடம் கருப்படுத்தும் சக்தி இருக்கும், ஆகவே அதுவரை இடையில் வலை. பிறகு இரண்டுக்கும் புதிதான ஓர் இடத்தில், ஆள் பக்கத்தில் இருந்துதான் பழக்க வேண்டும். பெண் முயலின் இடத்துக்குள் நேரே விட்டால் கடித்துக் குதறிவிடும்.

கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கத்தில் மருந்தடிக்காத வளவில் அறுகம்புல் உள்ளவர்கள் உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள். ரீச்சரின் பெறாமகள் சைக்கிளில் வந்து பிடுங்கிக்கொள்வாள். பாவிக்காத சின்னக் கம்பிவலைத் தட்டி யாரிடமாவது இருந்தால் அதுவும் உதவும், இடையில் மறிப்பதற்கு.