ஒரே நாளில் திருநெல்வேலி

'ஒரே நாளில் திருநெல்வேலி' என்று ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. விடிந்ததும் நெல்லையப்பர் கோயில், அங்கிருந்து பாபநாசம், மணிமுத்தாறு அருவியில் ஒரு குளியல், அப்புறம் குற்றாலம், ராத்திரி டவுனுக்குத் திரும்பி இருட்டுக்கடை அல்வா. (குற்றாலம் 2019-லேயே தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது. மாவட்டம் பிரிந்தாலும் சாரல் பிரியவில்லை, சேர்த்துக்கொள்வோம்.) இத்தனையையும் பார்த்துவிட்டு ஓடி வந்தால் கடையில் அல்வா மிச்சம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

பட்டியலில் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தத் தம்பி ஒவ்வொரு இடத்திலும் கேமராவைப் பார்த்து "இது முடிஞ்சிருச்சு, அடுத்து" என்கிறார். அருவியை எப்படிய்யா முடிப்பது?

வெளியூர்க்காரரை மட்டும் சொல்லி என்ன. பாளையங்கோட்டையில் இருக்கிற நமக்கு ஆறு கூப்பிடு தூரம். சென்னையிலிருந்து மச்சான் வந்தால்தான் துண்டை எடுத்துத் தோளில் போடுகிறோம். போனாலும் ரெண்டு முங்கு, நாலு போட்டோ, "நேரமாச்சு, கெளம்புங்க."

தாமிரபரணியில் இறங்கி ஏறுவதற்குப் பெயர் குளியல் இல்லை. டவுனை ஒட்டிய துறைகளில் சாக்கடை கலக்கிறது, அதை மூடி மறைத்து ஆற்றைப் பாடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் மேற்கே கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போய்விடுவேன். கடைசிப் படியில் உட்கார்ந்து முதலில் காலை மட்டும் தண்ணீரில் விடணும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஒரு மீன்குஞ்சு வந்து குதிகாலில் வாய் வைக்கும். காலை இழுத்தால் ஓடிவிடும். இழுக்காமல் இருந்தால் இன்னும் நாலைந்து வந்து விரலிடுக்கில் நுழையும், கூச்சம் தாங்காது. மீசை நரைத்த பெரிய மனுஷர்கள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கிற அக்கா, "முங்குங்க அண்ணாச்சி, எம்புட்டு நேரம் இப்படியே உக்காந்திருப்பிய?" என்று கேட்பார். முங்கினால் பொதிகைத் தண்ணி, மூச்சு ஒரு நொடி நின்று வரும். கரையேறினதும் ஒரு பசி எடுக்கும் பாருங்கள், அந்தப் பசிக்கு எந்தக் கடை இட்லியும் ருசிதான். செலவு பஸ் டிக்கெட் மட்டும்.

ரசனைக்குப் பேர்போன ஊர் இது. வண்ணார்பேட்டையில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஒரு பாட்டை எடுத்தால் விடமாட்டாராம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, அதன் தாளம் கேட்கிறவர் உடம்பில் ஏறினால்தான் அடுத்த வரி. வக்கீலுக்குப் படித்த மனுஷர், பாட்டில் உட்கார்ந்துவிட்டார். கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் இருந்தார், ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள். 1954-ல் அவர் போனதோடு அந்தக் கூட்டமும் போச்சு. இன்றைக்கு நாம் காணொளியைக்கூட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகணும். 'அந்தக் காலம் எவ்வளவு நிதானம்' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆம்பளைகள். திண்ணையில் அவர்கள் நிதானமாக இருந்தார்கள், அடுப்படியில் யாரும் நிதானமாக இல்லை. எங்க ஊர் தேங்காய்ப்பால் குழம்பான சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு அதுதான் ராஜா. தேங்காயைத் துருவி மூன்று தரம் பால் எடுக்கணும். மூன்றாம் பாலில் காய் வேகணும். வெந்த பாசிப்பருப்போடு ரெண்டாம் பால். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடணும். பொறுக்காமல் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் அடங்கினதும் எலுமிச்சம்பழம் பிழியணும். தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. ஆச்சி காலையில் தேங்காய் உடைக்க உட்கார்ந்தால் பந்தி பரிமாறி முடிக்கிறவரை எழுந்து நிற்க நேரமிருக்காது. தாத்தா சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு, "பைய சாப்பிடுங்கல, என்ன அவசரம்?" என்பார். அவருக்கென்ன!

அதனால், அம்மிக்குத் திரும்புவோம் என்று யாராவது சொன்னால், முதல்ல நீ ஒரு வாரம் அரைல என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. மிக்ஸி இருக்கட்டும். எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சொதி என்றால் தேங்காய் என் பொறுப்பு, பால் பிழிவது மகள். சிரட்டையைத் திருப்பித் திருப்பித் துருவும்போது அவள் பள்ளிக்கூடத்துக் கதை அத்தனையும் வந்து விழும். வேறெந்த நேரத்தில் கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா" தான் பதில். பாக்கெட்டில் வருகிற தேங்காய்ப்பாலில் ருசி குறைகிறதா இல்லையா என்று நான் சண்டை போடப் போவதில்லை. இந்தக் கதை அதில் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, அன்றைய கணக்கை முடித்தால்தான் காசு. அவர்களிடம் போய் 'வாழ்க்கையை ரசியுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜங்ஷனில் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கிற பையனிடமும் வராது. அவன் பறக்கிறது நமக்காகத்தானே. பத்து நிமிஷம் தாமதமானால் போனைப் போட்டு ஏசுகிற நாம், அவனுக்கு அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்கலாம். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவனுக்கு அதில் என்ன நஷ்டம்?

நெல்லையில் யாராலும் அவசரப்படுத்த முடியாதது ஒன்று உண்டென்றால் அது நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். அவ்வளவு பெரிய தேரை இன்றும் ஜனங்கள் கையால்தான் இழுக்கிறார்கள். 2024-ல் வடம் அறுந்து அறுந்து தேர் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. சிலர் சலித்துக்கொண்டு போனார்கள். நின்றவர்கள் முகம் தெரியாதவரோடு எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்க ஆரம்பித்து, கடைசியில் ரெண்டு பேருக்கும் தெரிந்த ஒருத்தரைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் எனக்கும் சேர்த்து மோர் வாங்கி வந்து, "வடம் வரட்டும்வே, எங்க போயிரப் போகுது தேரு?" என்றார்.

தேருக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அடுத்த ஆனியில் வீட்டில் படுத்துப் போனைத் தடவிக்கொண்டிருக்காமல் ரத வீதிக்கு வாருங்கள். கார் மட்டும் வேண்டாம், டவுனுக்குள் நிறுத்த இடம் கிடைக்காது.