நானாகக் கிடக்கிற பட்டினி

மூன்று நாளைக்கு முன், இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்து விழுந்தது. 21 நாள் உபவாச ஜெபம். நடுவில் ஒரு விமானத்தின் படம். கீழே விசாத் தடை, கடன் தொல்லை, பிள்ளைப் பாக்கியம், கோர்ட் வழக்கு என்று வரிசையாகப் போட்டு, கடைசி நாள் கூட்டத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அனுப்பியவன் எனக்குத் தம்பி முறை. நல்ல பிள்ளை. குழுவில் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் நடக்கிற நேரத்தில் அந்த விமானம் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் வீட்டில் சாமிக்காகப் பட்டினி கிடப்பதற்கு இரண்டு சொற்கள். அம்மா சொல்வது ஒருசந்தி. சித்தி சொல்வது உபவாசம். அம்மா பரம்பரைக் கத்தோலிக்கம். சித்தி கல்யாணம் முடித்த பிறகு டவுனில் ஒரு சபைக்குப் போகத் தொடங்கியவர். ஒருசந்தி என்றால் ஒரு பொழுதுச் சாப்பாடு. இறைச்சியை விட்டால் அது சுத்தபோசனம். இப்போது கோயிலில் இந்தச் சொற்களைக் கேட்பது குறைவு, நோன்பு என்கிறார்கள். எனக்கென்னவோ ஒருசந்திதான் பிடிக்கும். லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், முருகனுக்கு விரதம் இருந்த அக்காவும் அதே சொல்லைத்தான் சொல்வார்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று விடிய ஐந்தரைக்குத் தோட்டத்துக் கோயிலில் கூடுவோம். டவுனிலிருந்து சாமியார் வர முடியாத வருடங்களில் கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தருகிற உபதேசியாரே சாம்பல் பூசுவார். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். எங்கள் உயரத்தில் தென்னை காய்க்காது, ஓலை கீழ்நாட்டிலிருந்து வந்ததுதான். அப்படியே அம்மா கூடையை மாட்டிக்கொண்டு பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, போவார். பிரட்டுக் களத்தில் பார்த்தால் எல்லார் நெற்றியிலும் சாம்பல். எங்கள் ஆட்களுக்குச் சிலுவை, மற்றவர்களுக்குப் பட்டை. பனி மூட்டத்தில் தூர நின்று பார்க்கிற கங்காணிக்கு எது எது என்று தெரிந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரம். நோன்பு இருக்கும்போது முகத்தை வாடவிடாதே, தலைக்கு எண்ணெய் வை, முகத்தைக் கழுவு, ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு சொல்கிற இடம். அதை வாசித்துவிட்டுத்தான் நெற்றியில் சாம்பல் பூசி அனுப்புகிறார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டு உபதேசியாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

சட்டம் என்று பார்த்தால் கத்தோலிக்கருக்கு இப்போது பெரிய சுமை ஒன்றும் இல்லை. பாட்டி காலத்தில் நாற்பது நாளும் கடுமை. 1966 இல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதைத் திருத்தினார். இன்றைக்கு 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் கட்டாய நோன்பு. ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சின்னச் சாப்பாடு. 14 வயதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை. எங்கள் லயத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் கோழி பார்க்கிற குடும்பத்துக்கு வருடம் முழுக்கத் தவக்காலம்தானே?

அந்தச் சிரிப்பிலிருந்துதான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை தொடங்கியது.

நான் அப்போது ஹட்டனில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிற வயது. வாசித்ததையெல்லாம் வீட்டில் வந்து கொட்டுகிற வயதும்கூட. அம்மா விடிய நாலரைக்கு எழும்பி மாவு பிசைவார். எங்கள் நாலு பேருக்கு நாலு ரொட்டி. தேங்காய் இருந்தால் தேங்காய்ப்பூ, இல்லாவிட்டால் வெங்காயமும் உப்பும். ஐந்தாவது ரொட்டி அவருடையது, மலைக்குக் கட்டிக்கொண்டு போவது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்த ஐந்தாவது ரொட்டிக்கான மாவை மட்டும் பிசைய மாட்டார். ஒரு கைப்பிடி அள்ளி அடுப்புக்கு மேலே இருந்த நெஸ்பிரே பால்மா டின்னில் போட்டு மூடிவிடுவார். அப்புறம் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு ஒரு கோப்பைச் சாயத் தண்ணி. அதோடு மலைக்கு ஏறினால் சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை வயிற்றில் வேறொன்றும் கிடையாது. பறிக்கிற கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

எனக்குக் கோபம் வந்தது. டவுன் கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: கடின உடலுழைப்புக்காரர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் விலக்கு எந்தக் காலத்திலும் உண்டு. 13ஆம் நூற்றாண்டிலேயே இறையியல் அறிஞர் தோமஸ் அக்குவினாஸ், ஒரே நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட வழியில்லாதவர்களை நோன்பு கட்டுப்படுத்தாது என்று எழுதிவைத்திருக்கிறார். நான் வெற்றி வீரனாக வீட்டுக்கு ஓடிவந்து, "ஒங்களுக்குக் கடமை இல்லையாம்மா, எழுநூறு வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டாங்க" என்றேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடமை இல்லன்னு எனக்குத் தெரியும்டா. மத்த நாளெல்லாம் பட்டினி கெடந்தோமே, அது யாரு சொல்லி? மழை விட்டுப் பெய்யலன்னா கொழுந்து இல்ல, பட்டினி. கிலோ கொறைஞ்சா பட்டினி. ஒங்கப்பா சம்பளத்தன்னைக்குத் தவறணைப் பக்கம் குடிக்கப் போனா பட்டினி. இது ஒண்ணுதான் நானாக் கெடக்கிற பட்டினி. இதையும் வேணாங்கிறியா?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

'பசி வந்தால் பத்தும் பறந்துபோம்' என்பார்கள். அந்தப் பத்து எவை என்று ஔவையார் பாட்டில் தேடிப் பாருங்கள். மானம், குலம், கல்வி என்று போகிற வரிசையில் தானமும் தவமும் இருக்கின்றன. அடுத்தவன் நம் மேல் போட்ட பசியில் அந்த இரண்டும் முதலில் பறந்துவிடும், அது யார் குற்றமும் இல்லை. நானாகக் கிடக்கிற பசியில் பறந்துபோன அதே இரண்டையும் திரும்பப் பிடித்து வைக்கப் பார்க்கிறோம். தவக்காலம் என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. தவத்தை அம்மா வயிற்றில் வைத்தார், தானத்தை டின்னில் வைத்தார்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபூதிப் புதனையும் சேர்த்தால் எட்டுக் கைப்பிடி மாவு. ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, அதைச் சலித்து, கடைசிக் காம்பராவில் தனியாக இருந்த பாட்டிக்கு என் தங்கையிடம் கொடுத்தனுப்புவார். பாட்டி மாரியம்மனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர். ஏன் எதற்கு என்று கேட்டதும் இல்லை. ஆனால் டின்னை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று ஒரு கணக்கு அவருக்கு இருந்தது. இரண்டு பச்சை மிளகாய், ஒரு பிடி நெத்தலி, ஒரு வருடம் ஒரே ஒரு முட்டை.

ரொம்பப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், இது அம்மாவாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட ஒரு கிறிஸ்தவ நூலில் இதே முறை இருக்கிறது. நோன்பு நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடு, அன்றைக்கு நீ சாப்பிட்டிருக்கக்கூடிய சாப்பாட்டின் விலையைக் கணக்குப் பார், அதை விதவைக்கோ அநாதைக்கோ கொடு. அம்மாவுக்கு அந்த நூலின் பெயர்கூடத் தெரியாது. எந்த வழியாக வந்து எங்கள் அடுப்படியில் ஏறியதோ!

சரி, போஸ்டருக்கு வருகிறேன்.

உபவாசத்தைக் கடவுளின் கையை முறுக்குகிற கருவியாக்குவதுதான் எனக்குப் பிடிக்காதது. இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டுகிற வசனம் மத்தேயு 17:21. இந்த வகைப் பிசாசு ஜெபத்தாலும் உபவாசத்தாலும்தான் போகும் என்பது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனமே இல்லை. மாற்கு 9:29 இலும் ஜெபம் மட்டும்தான் இருக்கிறது, உபவாசம் பிறகு சேர்ந்தது. போகட்டும், வசனச் சண்டை எனக்கு வேண்டாம். தாவீது கதையைப் பாருங்கள். பிள்ளை நோயில் கிடக்கிறது. ஏழு நாள் தரையில் கிடந்து பட்டினி இருக்கிறார் ராஜா. பிள்ளை செத்துப்போகிறது. எழும்பிக் குளித்து, எண்ணெய் பூசி, கோயிலுக்குப் போய் வணங்கிவிட்டு வந்து சாப்பாடு கேட்கிறார். விசுவாசம் போதவில்லை என்று அவரை யாரும் குறை சொல்லவில்லை. இயேசுவுக்கு நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு வந்த முதல் சோதனையே, இந்தக் கல்லை அப்பமாக்கு என்பதுதான். பட்டினி கிடந்தாய் அல்லவா, அதை வைத்து எதையாவது வரவழைத்துக்கொள் என்று கேட்டவன் யார் என்று பைபிள் தெளிவாகச் சொல்கிறது. போஸ்டர் அடிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு தரம் வாசிக்கலாம்.

சித்திக்குச் சீனி வியாதி. சில வருடங்களுக்கு முன் மூன்று நாள் உபவாசத்தில், மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார் ஒரு பாஸ்டர். இரண்டாம் நாள் இரவு ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, சித்தியின் உள்ளத்தில் சந்தேகம் இருந்தது என்று அவர் பிரசங்கம் செய்தாராம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். எல்லாச் சபையும் அப்படி என்றும் சொல்ல மாட்டேன், நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள் என்று அனுப்புகிற பாஸ்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022 தவக்காலம் ஞாபகம் இருக்கிறதா? காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, மாவு விலையைக் கேட்டால் ரொட்டியே மறந்துபோகும். அந்த நேரத்தில் ஒரு மறையுரையில், நாடே நோன்பு இருக்கிறது, இந்தத் துன்பத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுங்கள் என்று சாமியார் சொல்லக் கேட்டேன். எழும்பி வெளியே போய்விடலாமா என்றிருந்தது. பிள்ளைக்குப் பால்மா இல்லாதது நோன்பா? பறிக்கப்பட்டதை நாமாக விட்டது போலப் பேசுவது பாவம் என்றே நினைக்கிறேன். 1966 இல் ஆறாம் பவுல் சொன்னதும் இது அல்ல. வசதியுள்ள நாட்டவர்கள் கூடுதலாகத் தங்களை ஒறுக்க வேண்டும், வறுமையான நாடுகளில் உள்ளவர்கள் சமூக நீதிக்காக எல்லா வழியிலும் முயன்றுகொண்டே தங்கள் பாடுகளை ஜெபத்தில் ஒப்புக்கொடுக்கட்டும் என்றார். நம் மேடைகளில் பின்பாதி மட்டும் கேட்கிறது.

ஏசாயா 58 இன் கதையும் இப்படித்தான். நாங்கள் நோன்பு இருக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். அவர் பதில் 3ஆம் வசனத்தில்: நோன்பு நாளில் உங்கள் ஆதாயத்தைத்தான் பார்க்கிறீர்கள், உங்கள் வேலையாட்களைப் போட்டு நசுக்குகிறீர்கள். அதற்குப் பிறகுதான் நுகத்தை உடைப்பது, பசித்தவனோடு சாப்பாட்டைப் பங்கிடுவது எல்லாம் வருகிறது. கூலிக்காரனைப் பற்றிக் கடவுள் இத்தனை பச்சையாகப் பேசுகிற இந்த வாசகம் விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை காலையில் கூலிக்காரர்கள் எல்லாரும் மலையில் நிற்பார்கள். எங்கள் அம்மா தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட்ட முப்பது சொச்ச வருடத்தில் அந்த வாசகத்தைக் கோயிலில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021 இல், 1350 ஆனது 2024 இல். அதற்குள் எத்தனை தவக்காலம் வந்து போனது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என் நோன்பைப் பற்றிக் கேட்டால் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. எனக்கு இப்போது ஆபீஸ் வேலை, கேஸ்ட்ரைட்டிஸ் வேறு. பெரிய வெள்ளியில் பதினொரு மணிக்கெல்லாம் எரிச்சல் வந்து யாரிடமாவது வள்ளென்று விழுவேன். பசி நம்மைப் பரிசுத்தமாக்குகிறதோ இல்லையோ, உள்ளே என்ன கிடக்கிறது என்பதைக் கிளறிக் காட்டிவிடுகிறது. அது நல்லதுதான். இந்த வருடம் சில நண்பர்கள் முகநூலை விட்டு நோன்பு இருக்கிறார்கள். நான் அதிலும் தோற்றுவிட்டேன் என்பதற்கு இந்தப் பதிவே சாட்சி.

அம்மாவுக்கு அறுபது தாண்டி வருடங்களாகிறது. சட்டப்படி ஒன்றும் இல்லை, டொக்டரும் வேண்டாம் என்றுவிட்டார். காலையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கைப்பிடி மாவு மட்டும் இன்னும் டின்னுக்குப் போகிறது. அந்தப் பாட்டி இப்போது இல்லை, டின் வேறு காம்பராவுக்குப் போகிறது. எதற்கு என்று சொல்ல மாட்டார்.

நேற்று ராத்திரி போனில் அந்தப் போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். ஏசாயா, தாவீது, கையெழுத்துப் பிரதி என்று இங்கே எழுதியதில் பாதியை ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் பாஸ்போட்டு எடுத்தானே, அந்தக் காச வட்டிக்கு வாங்கினானாடா?"

தெரியாது என்றேன்.

"அதக் கேளு மொதல்ல" என்று போனை வைத்துவிட்டார்.