ஞாயித்துக்கிழமை எங்க கைக்கு வர 150 வருஷம் ஆச்சு

நான் மான் வேட்டைக்குப் போறவன்னு சொன்னதும் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு முகம் மாறிடுது, அதுல தப்பு சொல்ல மாட்டேன், ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் மானைத் தொட்டா ஜெயில்தான், அங்க அது தேவையும்கூட. ஆனா நான் இருக்குற பென்சில்வேனியாவுல நிலைமை தலைகீழ். 1900 வாக்குல இங்க வெள்ளைவால் மான் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருச்சு, 1906ல மிச்சிகன்ல இருந்து வாங்கிட்டு வந்து காட்டுல விட்டாங்க, மறு வருஷமே பெட்டை மானைச் சுடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. அடிச்சுத் தின்ன ஓநாயும் இல்ல, பூமான்னு சொல்ற மலைச்சிங்கமும் இல்ல, அப்புறம் பெருகாம என்ன பண்ணும்? இன்னைக்கு காட்டுக்குள்ள நடந்து பாருங்க, பெரிய ஓக் மரம் நிக்கும், கீழ ஒரு கன்னு இருக்காது, முளைச்சதை எல்லாம் மான் மேஞ்சுடும், மான் வாய் வைக்காத ஃபெர்ன் மட்டும் தரை முழுக்கப் படர்ந்து கிடக்கும். நவம்பர்ல ராத்திரி ரோட்டுல வண்டி ஓட்டுறவங்களுக்கு, மான் குறுக்க பாய்றதைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

2024-25 சீசன்ல மட்டும் 4 லட்சத்து 70 ஆயிரம் மானுக்கு மேல வேட்டையாடியிருக்காங்க. இதைச் செஞ்சது சம்பளம் வாங்குற அரசாங்க ஆளுங்க இல்ல, 20 டாலர் 97 சென்ட் கட்டி லைசென்ஸ் வாங்கி, பெட்டை மானுக்குத் தனியா 6 டாலர் 97 சென்ட் கட்டி, குளிர்ல போய் உக்காந்த சாதாரண ஜனம். டிரக் ஓட்டுறவங்க, நர்ஸுங்க, கிடங்குல மூட்டை ஏத்துறவங்க, என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்குறவங்க. இவங்களுக்கெல்லாம் கிடைக்குறதே வாரத்துல ரெண்டு நாள்தான், அதுல ஒரு நாளை 1873ல இருந்து சட்டம் பூட்டி வெச்சிருந்துச்சு!

ஞாயித்துக்கிழமை மான் வேட்டை கூடாதுன்னு இருந்துச்சு. அதே நாள்ல நரி சுடலாம், ஓநாய் மாதிரி இருக்குற கொயோட்டி சுடலாம், காக்கா சுடலாம். சத்தம்தான் பிரச்சனைன்னா துப்பாக்கிச் சத்தம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான, ஓய்வு நாள்தான் காரணம்னா நரிக்கு அது கிடையாதா? பக்கத்துலயே இருக்குற ஒஹாயோலயும் நியூயார்க்லயும் ஞாயிறு வேட்டை எப்பவோ சகஜமாயிருச்சு. இங்க 2019ல தான் மொதல்ல இறங்கி வந்தாங்க, வருஷத்துக்கு மூணே மூணு ஞாயிறு. 2025 ஜூலைல தான் அந்தத் தடையையே எடுத்து சட்டம் வந்துச்சு, அந்த சீசனுக்கு 13 ஞாயிறு கிடைச்சுச்சு. சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லல, ஆனா "பெட்டை மானை இன்னும் எடுங்க, மான் ஜாஸ்தியா இருக்கு"ன்னு ஒரு பக்கம் சொல்லிக்கிட்டே இன்னொரு பக்கம் பாதி வீக்கெண்டை எடுத்துக்கிட்டாங்களே இத்தனை வருஷமும், அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

விவசாயிங்க எதிர்த்தாங்க, ஞாயிறு மட்டுமாவது தோட்டத்துல நிம்மதியா இருக்கணும்னாங்க, நியாயம்தான். காட்டுப் பாதைல (ட்ரெயில்ல) நடக்குறவங்களும் எதிர்த்தாங்க. அதனாலதான் ஞாயித்துக்கிழமை தனியார் நிலத்துல வேட்டையாடணும்னா நிலத்துக்காரர் எழுதிக் குடுத்த அனுமதி கையில இருக்கணும்னு வெச்சாங்க, அந்த ரூலை நான் முழுசா ஆதரிக்குறேன். அடுத்தவன் நிலத்துல கேக்காம நுழையுறவன் வேட்டைக்காரனே இல்ல.

இன்னொரு சண்டை ரைஃபிள் சீசன் ஆரம்பிக்குற நாள். 1963ல இருந்து, நவம்பர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச திங்கக்கிழமைதான் முதல் நாளா இருந்துச்சு, நிறைய ஊர்ல ஸ்கூலுக்கே லீவு விடுவாங்க. 2019ல அதை சனிக்கிழமைக்கு மாத்தினாங்க. வடக்கு மலைப்பக்கம் பாட்டர், மெக்கீன் கவுன்ட்டில (நம்ம மாவட்டம் மாதிரி) தாத்தா காலத்து கேம்ப், அதாவது வேட்டைக்குன்னு காட்டுல ஒரு வீடு, வெச்சிருக்குறவங்க இன்னும் கொதிக்குறாங்க, வெள்ளி சனி ஞாயிறுன்னு குடும்பமா மலைக்குப் போய் விறகு வெட்டி சமைச்சு சாப்பிட்டு திங்கக் காலைல வேட்டைக்கு இறங்குற வழக்கம் போயிருச்சே, அங்க இருக்குற சின்ன ஓட்டலுக்கும் கடைக்கும் அந்த மூணு நாள் வியாபாரம் போயிருச்சேன்னு. அவங்க வலி எனக்குப் புரியுது. இருந்தாலும் நான் சனிக்கிழமை பக்கம்தான். லீவு போட முடியாதவனும் காலேஜ் படிக்குற பசங்களும் முதல் நாள்ல காட்டுக்கு வரணும்.

ஏன்னா வேட்டைக்கு வர்ற ஆள் குறைஞ்சுட்டே வருது. 1980கள் ஆரம்பத்துல 13 லட்சம் பேர் லைசென்ஸ் வாங்கின மாநிலம் இது, இப்போ 9 லட்சம் அக்கம்பக்கம்தான். வேட்டையையும் வனவிலங்கையும் பாத்துக்குற மாநில அமைப்பான கேம் கமிஷனுக்கு பொது வரிப்பணம் கிடையாது, லைசென்ஸ் காசு, துப்பாக்கி தோட்டா மேல போடுற ஃபெடரல் வரி, அவங்க நிலத்துல இருக்குற மரம், கேஸ் வருமானம், இதுலதான் ஓடுது. அப்போ புதுசா வர்ற ஒருத்தருக்கு ரூல் எப்படி இருக்கணும்? ஆரஞ்சுத் துணி 250 சதுர அங்குலம், தலை நெஞ்சு முதுகு எல்லாப் பக்கமும் தெரியணும், நல்லது, உயிர் சம்பந்தப்பட்டது. மான் விழுந்ததும் நகத்துறதுக்கு முன்னாடி டேக் எழுதிக் காதுல கட்டணும், 10 நாளுக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், அதுவும் சரி. ஆனா கொம்புக் கணக்கு? 2002ல வந்த அந்த ரூலால பெரிய ஆண் மான் கூடியிருக்கு, ஒத்துக்குறேன், ஆனா சுடுற ஆண் மானோட கொம்புல ஒரு பக்கம் மூணு கிளை இருக்கணும், மேற்குப் பக்கம் போனா புருவத்து மேல இருக்குற சின்னக் கிளையை அதுல சேர்க்கக்கூடாது, இதை விடியக்காலை அரை இருட்டுல மரத்துக்கு நடுவுல ஓடுற மான்கிட்ட எண்ணணும். அனுபவசாலிக்கே தடுமாறும்.

பெட்டை மான் லைசென்ஸ் 2022 வரைக்கும் பிங்க் கவர்ல வெச்சு கவுன்ட்டி ட்ரெஷரருக்குத் தபால்ல அனுப்பிட்டிருந்தோம், 2023ல ஆன்லைனுக்கு மாத்துனது எவ்வளவோ நல்லது, ஆனா முதல் நாளே மாநிலம் பூரா ஒரே நேரத்துல ஏறி மணிக்கணக்கா க்யூல நின்னுச்சு. இப்படி ஆகும்னு முன்னாடியே யோசிச்சிருக்க வேணாமா?

நான் ரொம்பக் கவலைப்படுறது சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) பத்தி. மானோட மூளையை அழிக்குற நோய், மருந்து கிடையாது, 2012ல ஆடம்ஸ் கவுன்ட்டில வளர்ப்பு மான்கிட்ட கண்டுபிடிச்சாங்க, அப்புறம் பெட்ஃபோர்ட், பிளேர் பக்கம் காட்டு மான்லயும் வந்துருச்சு. நோய்ப் பகுதின்னு கோடு போட்ட இடத்துல இருந்து தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டு போகக்கூடாது. மிகச் சரியான ரூல். ஆனா அந்தக் கோடு வருஷத்துக்கு வருஷம் நகருது, நேத்து வரைக்கும் உள்ள இல்லாத ஊர் இன்னைக்கு உள்ள இருக்கு, வீடு கோட்டுக்கு வெளியே, கேம்ப் உள்ள, இப்படி எத்தனையோ பேர். கேம் கமிஷன் வெச்சிருக்குற பெட்டில மான் தலையைப் போட்டா இலவசமா டெஸ்ட் பண்றாங்க, ரிசல்ட் வர வாரக்கணக்கு ஆகுது, அதுவரைக்கும் கறி ஃப்ரீசர்ல, குழந்தைக்குக் குடுக்கலாமா வேணாமான்னு தெரியாம வீட்ல ஒரு சங்கடம். கேம் கமிஷன்காரங்களே, இந்த டெஸ்ட் பண்ற லேபுக்குக் காசு போடுங்க, ஆள் போடுங்க. அந்தக் கோட்டை மாத்துனா லைசென்ஸ் வாங்கின ஒவ்வொருத்தர் போனுக்கும் மெசேஜ் வரணும், எங்க நம்பர் எல்லாம் உங்ககிட்டதான இருக்கு.

விஸ்கான்சின், மிச்சிகன், நியூயார்க்னு மத்த மாநிலத்துல வேட்டைக்குப் போற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா, உங்க பக்கம் டெஸ்ட் ரிசல்ட் எவ்வளவு நாள்ல வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.