பல்லாவது கிடைக்குமா?

ஏப்ரல் பிறந்தால் என் கிளினிக்குக்குப் பல்வலிக்காரர்களோடு இன்னொரு கூட்டமும் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளை, கூடவே அம்மா. பிள்ளைக்குப் பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அம்மாதான் பேசுவார். "நீட்டுக்கு இன்னும் முப்பது நாள்தான் இருக்கு டாக்டர். எம்.பி.பி.எஸ்ஸுக்கெல்லாம் நாங்க ஆசைப்படலை. பல்லாவது கிடைக்குமா?"

அந்த 'ஆவது' எனக்கு இன்னும் பழகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பல் பிடுங்கியும் அடைத்தும் சாப்பிடுகிறவள் நான். நடவுக்குப் போகும் பெண்கள் வெற்றிலை பாக்கை அடக்கியபடியே வேலை செய்கிற ஊர் இது. வாயைத் திறக்கச் சொன்னால் சிலருக்கு இரண்டு விரல்கூட நுழையாது. மூன்று நுழைய வேண்டும். பாக்கு கன்னத்தின் உள்சதையை நார்நாராக இறுக்கிவிடும், ரசம் பட்டாலே எரியும். சிலருக்கு அது பின்னால் புற்றாகவும் மாறும். அதை முதலில் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் பல்வலிக்காக வந்த இடத்தில் இருக்கும் பல் டாக்டர்தான். சரி, இந்தக் கோபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன். அவர்கள் கேட்டது நாள் கணக்கு.

நாள் குறைவாக இருந்தால் எதைப் படிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதை விடுவது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் கட்சி அதுதான்: முதலில் விடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எனக்கே இது லேட்டாகத்தான் புரிந்தது. நான் எழுதியது பழைய நுழைவுத் தேர்வு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. பரீட்சை முடிந்ததும் பக்கத்து நகரத்தில் ஒரு மாதக் கிராஷ் கோர்ஸில் சேர்த்துவிட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மன்னார்குடியில் பஸ் மாறி, போக வர நாலு மணி நேரம். பதினோரு தடிப் புத்தகம் கொடுத்தார்கள். பத்து நாளில் மூன்று புத்தகம்கூடப் பிரிக்கவில்லை, தினமும் ராத்திரி அழுகை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஆறாவதுக்கு மேல் படிக்காதவர், கடைமடை விவசாயி. ஒரு நாள் கேட்டார்:

"மேட்டூர்ல தண்ணி விட்டு, நமக்கு அது பெரட்டாசிக் கடைசியில வந்து சேந்தா, எவனாவது ஆயிரத்தொம்பது வெதைப்பானா?"

சி.ஆர். 1009 நெல் நூற்றைம்பத்தைந்து நாள் பயிர் என்று டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். தண்ணீர் பிந்தினால் நாள் குறைந்த ரகத்துக்குப் போவோம். அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை. பஸ்ஸுக்குப் போவதை மறுநாளே நிறுத்தினேன். கட்டிய காசு திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

போன வருஷம் அண்ணன் மகளுக்கு இதே பாடு. 2025 மார்ச் 25 கடைசிப் பரீட்சை, மே 4 நீட். நடுவில் நாற்பது நாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. "அத்தை, நான் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று போன் செய்தாள். புத்தகத்தை மூடி வை, முதல் நாள் படிக்காதே என்றேன். தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தை அச்செடுத்து, நம் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இல்லாததைப் பென்சிலால் அடிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் முதல் பாடமான உலோகவியலே நீட்டில் இல்லை. திட நிலைமை இல்லை, புறப்பரப்பு வேதியியல் இல்லை. 2024 தேர்வுக்கே எடுத்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் செரித்தலும் உட்கிரகித்தலும் பாடம் போயிருந்தது. பல்லைப் பற்றி, எந்த வகைப் பல் எத்தனை என்று சொல்லும் 2123/2123 என்ற பல் சூத்திரம் பற்றி வருகிற பாடமே அதுதான்! பல் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையில் பல் இல்லை. நானும் அவளும் போனிலேயே ஐந்து நிமிஷம் சிரித்தோம். அந்தப் பாடத்தை அவள் மனப்பாடமே செய்து வைத்திருந்தாள், பாவம்.

அடுத்தது உயிரியல். 180 கேள்வியில் 90 அதில்தான், 720க்கு 360. நாற்பது நாளில் இருபது நாளை அதற்குக் கொடுத்தோம். புதிய புத்தகம் ஒன்றும் வாங்கவில்லை, பள்ளிப் புத்தகமும் பழைய வினாத்தாள்களும்தான். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி பாடப்புத்தகம் தமிழில் கிடையாது. கேள்வி அதன் வாசகத்தை ஒட்டி வரும்போது தமிழ் வழிப் பிள்ளை திணறுவது உண்மை. அதற்காக நாற்பது நாளில் ஆங்கிலத்துக்கு மாறுகிறேன் என்று கிளம்புவது தற்கொலை. அவள் ஒரு நோட்டுப் போட்டாள். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். 'திருப்பு விசை'க்கு எதிரே டார்க், 'சவ்வூடு பரவ'லுக்கு எதிரே ஆஸ்மாசிஸ். தினம் பத்து. தமிழ் கேட்டு விண்ணப்பித்தால் வினாத்தாள் இருமொழியில் வரும், மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே செல்லும் என்பது விதி. 2018இல் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அரசாங்கத்தைத் திட்டுகிற நேரத்தில் திட்டுவோம். பரீட்சை அறையில் வரி இடறினால், கண் ஆங்கில வரிக்குப் போகப் பழகியிருக்க வேண்டும்.

இயற்பியலில்தான் அண்ணனோடு சண்டை வந்தது. சுழற்சி இயக்கம் முழுவதையும் விட்டுவிடு என்றேன். மின்னோட்டவியல், ஒளியியல், குறைகடத்தி, அணு சம்பந்தப்பட்டவை என்று கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்கவே வேண்டாம் என்றேன். "முழுசாப் படிக்காம எப்படிம்மா பரீட்சைக்கு அனுப்புறது?" என்று அண்ணன் குதித்தான். அரைகுறையாகப் பத்துப் பாடம் தெரிந்தவனைவிட நாலு பாடம் நன்றாகத் தெரிந்தவன் மூன்று மணி நேரத்தில் நிம்மதியாக இருப்பான் என்பது என் எண்ணம். ஒரு வருஷம் கையில் இருக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பாவம்.

இனி மத்தியானத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நீட் நடப்பது மத்தியானம் 2 மணியிலிருந்து 5 மணி வரை, மே மாதத்தில். டெல்டாவில் அந்த நேரத்துக்கு நாய்கூடத் திண்ணைக்கு அடியில் படுத்துவிடும். காலை நாலு மணிக்கு எழுந்து படித்த பிள்ளை, பரீட்சை நேரத்தில் உடம்பளவில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2 மணிக்கு வினாத்தாள். பதினொரு மணிக்கு ரசஞ்சாதம், அதற்குமேல் தண்ணீர் மட்டும். முதல் தடவை நான் நேரில் போயிருந்தேன். கூடத்தில் அப்பா குறட்டை, மூன்று மணிக்குக் கரன்ட் போயிற்று. தாளை வாங்கிப் பார்த்தபோது 112ஆவது கேள்விக்குப் பக்கத்தில் பேனா ஒரு கோடாக இழுத்துக்கொண்டு ஓரம் வரை போயிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். அம்மா மோர் கொண்டுவந்து நீட்டி, "பச்சப் புள்ளைய ஏண்டி வதைக்கிற" என்றாள். ஐந்தாவது தாளில் தூக்கம் போய்விட்டது. ஆனால் வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர் விடைத்தாளில் வட்டம் ஒரு வரிசை நழுவி, 46க்கான விடை 47இல் விழுந்து, அதன் பின் பத்தொன்பது விடை வரிசையாகத் தப்பு. கறுப்புப் பால்பாயின்ட் பேனா, அழிக்க முடியாது. அன்றிலிருந்து ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து வட்டங்களை மட்டும், கேள்வி எண்ணை முணுமுணுத்துக்கொண்டே நிரப்பினாள். இந்தக் கூத்தெல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் நடந்தது நல்லதாயிற்று.

"தெரியலைன்னா தொடவே தொடாதே" என்று எல்லா வாத்தியாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. சரியானால் +4, தப்பானால் -1. நாலில் இரண்டை நிச்சயமாக அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குத்தினால், சராசரியாகக் கேள்விக்கு ஒன்றரை மார்க் லாபம். ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் குத்தினாலும் கணக்குப்படி கால் மார்க் லாபம்தான். ஆனால் அந்தக் கால் மார்க்கை நம்பாதீர்கள், பத்துப் பதினைந்து கேள்வியில் அதிர்ஷ்டம் எந்தப் பக்கமும் சாயும். இரண்டை அடிக்க முடிந்ததா, பயப்படாமல் வை. முடியவில்லையா, தாண்டிப் போ.

தேர்வு அன்று இயற்பியல் பலரை அழவைத்தது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். இவள் அழவில்லை. "பாதியை நான்தான் ஏற்கெனவே விட்டுட்டேனே அத்தை" என்றாள்.

நீட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பன்னிரண்டு வருஷப் படிப்பை ஒரு மத்தியானத்தில் அளப்பது அநியாயம் என்பதுதான் இன்றும் என் கட்சி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இல்லாவிட்டால் இவள் வாங்கிய மார்க்குக்கு இடமே கிடையாது. கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நான் சேர்ந்தபோது அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்று சென்னையில் ஒன்றுதான் இருந்தது. இப்போது சிதம்பரத்தில் இருக்கிறது, 2023இல் புதுக்கோட்டையிலும் வந்தது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பல்லுக்கு இன்னும் அரசுக் கல்லூரி இல்லை. இவளுக்குக் கிடைத்தது ஒரு தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம். எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லையே என்று ஊரில் துக்கம் விசாரித்தார்கள்!

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மெழுகுக் கட்டியில் அவள் செதுக்கிய மேல் கோரைப்பல். முதல் வருஷத்தில் எல்லோருக்கும் இந்த வேலை உண்டு. நகத்திடுக்கெல்லாம் மெழுகு. "எப்படி அத்தை?" என்று கேட்டிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். வேர் அழகாக வந்திருக்கிறது, பின்பக்க மேடுதான் கொஞ்சம் தூக்கல். இன்னும் அரை மில்லி இழைத்துவிட்டு அனுப்பு என்று பதில் போட்டேன்.