நஷ்டஈட்டுத் தொகைக்கு முன்னால் ஒப்பீட்டுச் சந்தையைப் பாருங்கள்

கார்டெல் (போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றும் கூட்டு) வழக்கில் நஷ்டஈட்டைக் கணக்கிடும் நிபுணர் அறிக்கை வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்துத் தொகைக்குத்தான் ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால், கார்டெல் இல்லாத எந்தச் சந்தையை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள் என்ற பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

டிஃப்-இன்-டிஃப், அதாவது இரண்டு சந்தைகளின் விலை மாற்றங்களை ஒப்பிடும் கணக்கு, எளிது. கார்டெல் பகுதியில் விலை 100-லிருந்து 130 ஆனது, பக்கத்துப் பகுதியில் 100-லிருந்து 118 ஆனது என்று வையுங்கள். 30-இல் 18 எப்படியும் ஏறியிருக்கும். ஆக மிகைவிலை, அதாவது கார்டெலால் கூடுதலாக ஏறியது, 12. ஆனால் பக்கத்துப் பகுதி விற்பனையாளர் சும்மா இருப்பாரா? இங்கே விலை ஏறினால் வாங்குபவர்கள் அங்கே போவார்கள், அவரும் ஏற்றுவார். கார்டெலே இல்லாவிட்டால் அங்கே 110-தான் இருந்திருக்கும் என்றால், உண்மையான மிகைவிலை 20. கார்டெலின் நிழலில் மற்றவரும் விலை ஏற்றும் இந்தக் குடை விளைவு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. லிஃப்ட் கார்டெல் தொடர்பான கோனே வழக்கில், கார்டெலில் இல்லாத நிறுவனத்திடம் வாங்கியவரின் நஷ்டஈட்டுக் கோரிக்கையை அடியோடு தள்ளிவிட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அதனால் 'மிக அருகில் உள்ள சந்தை' என்று எதிர்த்தரப்பு வாதாடினால் உஷாராகுங்கள். ரொம்பத் தள்ளிப் போனாலும் செலவும் தேவையும் ஒத்துப்போகாது. இதற்குச் சூத்திரம் கிடையாது, தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தேதி. ரெய்டு நடந்த மறுநாளே விலை இறங்காது. பழைய ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களை 'கார்டெலுக்குப் பின்' என்று சேர்த்தால் மிகைவிலை சுருங்கிவிடும். உற்பத்தி அளவைக் கன்ட்ரோல் மாறியாகப் போட்டு அதன் தாக்கத்தைக் கழிப்பதும் தப்பு. கார்டெல் குறைத்ததே அதைத்தானே!

மாடல் குற்றச்சாட்டோடு பொருந்தவும் வேண்டும். அமெரிக்காவில் கேபிள் டிவி நிறுவனமான காம்காஸ்ட் மீதான வழக்கில், போட்டி எப்படிப் பாதிக்கப்பட்டது என்பதற்கு வாதிகள் நான்கு கோட்பாடுகளை வைத்தார்கள். கீழ் நீதிமன்றம் ஏற்றது ஒன்றை மட்டும். நிபுணரின் மாடலோ நான்குக்கும் சேர்த்துச் சுமார் 87.5 கோடி டாலர் காட்டியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஸ்டாண்டர்ட் எர்ரர் (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) விஷயத்தில் அனுபவசாலிகளே சறுக்குகிறார்கள். ஒரே கடையின் மாத விலைகள் ஒன்றையொன்று தொடர்பவை. அவற்றைத் தனித்தனித் தரவாக எண்ணினால் இல்லாத விளைவுக்கும் 'இது தற்செயல் அல்ல' என்ற நட்சத்திரக் குறி விழும். பொருளியலாளர்கள் பெர்ட்ராண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் 2004-இல், நடைமுறைக்கே வராத போலிச் சட்டங்களை வைத்துச் சோதித்தபோது, 5 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 45 சதவீதம் வரை 'விளைவு' தெரிந்தது. சந்தை வாரியாகக் கிளஸ்டர் செய்யுங்கள், அதாவது ஒரே சந்தையின் தரவுகளை ஒரு குழுவாகக் கருதுங்கள். சந்தைகள் ஐந்தாறுதான் என்றால் அதுவும் போதாது, தரவைச் செயற்கையாக மாற்றி மாற்றிக் கணக்கைப் பல முறை ஓட்டிப் பார்க்கும் வைல்ட் பூட்ஸ்ட்ராப் வேண்டும். கூடவே, கார்டெலுக்கு முந்தைய ஒரு போலித் தேதியை வைத்து அதே ரெக்ரஷன் கணக்கை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் மிகைவிலை வந்தால் கோளாறு ஒப்பீட்டுச் சந்தையில்தான்.