கையெழுத்தில் மாறியதும் வாக்கெடுப்பில் நின்றதும்

ஒவ்வொரு ஜூலை 24-ம் தேதியும் மன்மோகன் சிங்கின் 1991 பட்ஜெட் உரையை யாராவது பகிர்ந்துவிடுகிறார்கள். நல்ல உரைதான். ஆனால் அன்றைக்கு வந்த பெரிய மாற்றம் அந்த உரைக்குச் சில மணி நேரம் முன்பே நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. தொழில்துறை இணையமைச்சர் பி.ஜே.குரியன் தாக்கல் செய்த தொழிற்கொள்கை அறிக்கை அது. 18 தொழில்கள் நீங்கலாக மற்ற எதைத் தொடங்கவும் இனி அரசு லைசென்ஸ் வேண்டாம் என்றது. தொழில்துறையைப் பிரதமர் நரசிம்ம ராவ் தன் கையிலேயே வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்காக ஒரு சட்டத்தையும் ரத்து செய்யவில்லை. லைசென்ஸ் முறைக்கு அடிப்படையான 1951-ம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருந்தது. அரசிதழில் ஓர் அறிவிக்கை, வேலை முடிந்தது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. ரூபாய் மதிப்பை ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாகக் குறைத்தபோதும் யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. மக்களவையில் பெரும்பான்மை இல்லாத அரசு அது. எம்.பி.க்களைக் கேட்காமல் செய்ய முடிந்ததை வேகமாகச் செய்தது.

கேட்க வேண்டிய இடத்தில் என்ன ஆனது? அதே பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் உயர்த்தினார்கள். ஆளுங்கட்சி எம்.பி.க்களே கொதித்தார்கள். சில நாட்களில் அது 30 ஆனது, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் வந்தது.

என் பார்வையில் இன்றைய இந்திய முதலாளித்துவத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்தக் கோடுதான்: எதற்கு அமைச்சரின் கையெழுத்து போதும், எதற்குச் சட்டத்திருத்தம் வேண்டும். சந்தைக் கொள்கை சரியா தவறா என்று முப்பது வருடமாகச் சண்டை போடுகிறோம், இதை யாரும் பேசுவதில்லை.

அரசு நிறுவனங்களை விற்ற கதையைப் பாருங்கள். அரசு அலுமினிய நிறுவனமான பால்கோவின் விற்பனையை எதிர்த்து வழக்கு போனபோது, அது அரசின் கொள்கை முடிவு என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. இரண்டே வருடத்தில் ஹெச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். என்ற எண்ணெய் நிறுவனங்களின் விற்பனையை அதே நீதிமன்றம் நிறுத்தியது. அவை எழுபதுகளில் நாடாளுமன்றச் சட்டங்களால் தேசியமயமானவை, அந்தச் சட்டங்களைத் திருத்தாமல் விற்க முடியாது என்றது. லாபமா நஷ்டமா என்ற கேள்வியே எழவில்லை.

அப்புறம் தொழிலாளர் சட்டம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்றிருந்த விதியை அறிவிக்கையால் நகர்த்த முடியாமல் இருந்தது. 2001 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்கா அந்த எண்ணிக்கையை 1,000 ஆக்குவதாக அறிவித்தார். கூட்டணி ஆட்சி, சங்கங்களின் எதிர்ப்பு, நடக்கவில்லை. சரி, முதலாளிகள் சும்மா இருந்தார்களா? நிரந்தர ஆளை எடுப்பதைக் குறைத்து கான்ட்ராக்ட் ஆட்களால் நிரப்பினார்கள். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுபவர்களிடம் பேசினால் தெரியும்: ஒரே லைனில் ஒரே வேலை, இரண்டு சம்பளம். சட்டம் ஏட்டில் தொழிலாளியைக் காப்பாற்றியது, வாசலில் கான்ட்ராக்டர் நின்றார். சட்டம் கடுமையாக இருந்ததுதான் இதற்குக் காரணம் என்பவர்களோடு நான் பாதிதான் ஒத்துப்போவேன். முதலீட்டுக்கான கதவை மட்டும் கையெழுத்தில் திறந்துவிட்டு, உழைப்பவனின் பாதுகாப்பு பற்றிய பேரத்தைக் கடைசிவரை நடத்தாமல் விட்டதும் காரணம்.

2014-ல் பா.ஜ.க.வுக்கு மக்களவையில் தனிப்பெரும்பான்மை வந்தும் வழக்கம் மாறவில்லை. நிலம் கையகப்படுத்தும் சட்டத்துக்கான திருத்தம் மூன்று முறை அவசரச் சட்டமாக வந்து, மாநிலங்களவையைத் தாண்ட முடியாமல் 2015-ல் காலாவதியானது. அவசரச் சட்டமாகத் தொடங்கிய வேளாண் சட்டங்கள் நிறைவேறியும் 2021-ல் வாபஸ் ஆயின. அந்த ஆட்குறைப்பு வரம்பை 300 ஆக்கிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் நிறைவேறியபோது எதிர்க்கட்சி இருக்கைகள் காலியாக இருந்தன. அவர்கள் அவையைப் புறக்கணித்திருந்த நாள் அது.